கட்டில் ஓரத்து ஜெபம்: நம் உரிமை என்ன, கடமை என்ன?

(தம்போயில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



உங்களில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். நாளை விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு ஓட வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பண்டிதன் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. பாசிர் கூடாங்கில் 22 வருடம் லாரி ஓட்டியவன். லாரியில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் படித்துப் பழகியவன். இன்று நான் பேசப் போவது என் வீட்டில் நடந்த கதை. உங்களில் பலர் வீட்டிலும் இது நடந்திருக்கும். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மூடி வைத்திருப்பீர்கள்.

என் தாயாருக்குச் சர்க்கரை நோய். முதலில் ஒரு காலை எடுத்தார்கள். பிறகு சிறுநீரகம் போனது. கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது மூச்சுக்கு முகமூடி போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே தங்கை. அவள் திருமணத்துக்குப் பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அந்தக் கூட்டத்தார் நான்கு பேர் வார்டுக்கு வந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா, எங்க பின்னால சொல்லுங்க" என்றார்கள். அம்மா முகமூடிக்குள்ளிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். முடிந்ததும் அவர்கள் "அல்லேலூயா, அம்மா இரட்சிக்கப்பட்டாங்க" என்று கண்ணீர் விட்டார்கள்.

சாயங்காலம் நான் போனபோது அம்மா என்னிடம் சொன்னது: "வந்த பிள்ளைங்க ரொம்ப நல்ல பிள்ளைங்கய்யா. காலை எல்லாம் பிடிச்சு விட்டாங்க. என்ன சொல்லச் சொன்னாங்கன்னுதான் முழுசா விளங்கல."

ஒன்பதாம் நாள் அம்மா இறந்துவிட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். என் தங்கை சொன்னாள், "அம்மா ஆண்டவரை ஏத்துக்கிட்டாங்க, அடக்கம்தான் பண்ணணும்." எங்களுக்குத் தகனம்தான் வழக்கம். நான் கத்தினேன். "இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்று பெற்ற தாயின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். அவள் இறங்கிப் போய், பிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். வண்டி கிளம்பும்போதும் அங்கேயேதான் நின்றாள். கடைசியாக அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு என்ன விருப்பம்? அதை அந்த நான்கு பேரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதுதான் இன்று வரை என்னைத் தூங்க விடாத கேள்வி.

இது என்ன ஜெபம்?

இந்த 'பின்னால் சொல்லும் ஜெபம்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். நான் பாவி, எனக்காக இயேசு சிலுவையில் மரித்தார், என் உள்ளத்துக்குள் வாரும்: இந்த மூன்று கருத்தும் அதில் இருக்கும். சொன்ன நிமிடமே இரட்சிப்பு, அதாவது மீட்பு, கிடைத்துவிட்டது என்று பல சுவிசேஷக் குழுக்கள் போதிக்கின்றன.

இது ஏதோ இரண்டாயிரம் வருடத்து வழக்கம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இயேசுவை நம்பி அறிக்கையிடுவது பைபிளில் உண்டு. ஆனால் ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்லும் இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1830-களில் சார்ல்ஸ் பின்னி என்ற பிரசங்கியார், முடிவெடுக்கத் தயாரானவர்களைக் கூட்டத்தின் முன் வரிசை பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னார். 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கூடாரக் கூட்டத்தில் பெயர் பெற்ற பில்லி கிரகாம், கூட்டம் முடியும்போது மக்களை மேடைக்கு முன் வரச் சொல்லும் அழைப்பை உலகம் முழுக்கக் கொண்டு போனார். 1965-ல் பில் பிரைட் நான்கே குறிப்புகளில் இரட்சிப்பை விளக்கி, கடைசியில் ஒரு சின்ன ஜெபத்தையும் சேர்த்துக் கைப்பிரதியாக அச்சிட்டார். நம் பிளாட் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் கைப்பிரதிகளைப் பாருங்கள். பெரும்பாலும் அதே அமைப்புதான்.

இந்த முறை சரியா என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டு சபைகளில் இது பெரிய விவாதமானது. டேவிட் பிளாட் என்ற இளம் போதகர், இப்படி ஒரு ஜெபத்தைச் சொன்னாலே போதும் என்பது மூடநம்பிக்கை ஆகிவிடும் என்று எச்சரித்தார். அந்த ஆண்டு மாநாடு அந்த ஜெபத்தை ஆதரித்தது. ஆனால் மனம் திரும்பாமல் மந்திரம் போல ஒப்பிப்பது இரட்சிப்பு ஆகாது என்ற எச்சரிக்கையும் அந்தத் தீர்மானத்திலேயே இருந்தது.

நம் தமிழ்நாட்டுப் பழைய சபைகளில் ஞானஸ்நானம் வாங்க வேண்டுமென்றால் முதலில் உபதேசம் படிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடிப் படித்தார். மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் நம் தெய்வங்களைப் பற்றி மக்களிடம் விசாரித்து ஒரு புத்தகமே எழுதினார். அதை அச்சிட அவருடைய ஐரோப்பிய மேலிடம் விரும்பவில்லை. எழுதி 150 வருடத்துக்குப் பிறகு, 1867-ல்தான் அது சென்னையில் அச்சானது. முந்நூறு வருடத்துக்கு முன் வந்த வெள்ளைக்காரருக்கு நம்மிடம் கேட்கப் பொறுமை இருந்தது. மூச்சு வாங்கும் ஒரு தமிழ்த் தாயிடம், "உங்களுக்கு விளங்கிச்சா அம்மா?" என்று கேட்க இன்று நேரமில்லையா?

கிறிஸ்தவர்கள் நம் எதிரிகளா?

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் பொங்கும். பொறுங்கள். எனக்கும் பொங்கியது. அந்தக் கோபத்தில்தான் தங்கையை விரட்டினேன்.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதைக் கூட்ட முன்நின்றவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவருடைய தமிழ்ப்பற்றில் யாராவது குறை சொல்ல முடியுமா? 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-ல் கிறிஸ்தவர் ஆனவர். மதம் மாறிய பிறகும் கம்பனைப் படித்த நாக்கு மாறவில்லை. கிறிஸ்தவத் தமிழரும் தமிழரே.

எண்ணிக்கையையும் பார்ப்போம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், ஆறு பேர் கிறிஸ்தவர்கள். "எல்லாரும் மாறிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவதை நம்ப வேண்டாம். ஆனால் மாறிய ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், வலிக்கு நூற்றுக்கணக்கு தெரியாது.

இந்த நாட்டில் அவர்களும் சிறுபான்மைதான். 2014 ஜனவரியில் சிலாங்கூரில் சமய அதிகாரிகள் பைபிள் சங்கத்துக்குள் புகுந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பைபிள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், தாவோ சமயத்தார் எல்லாரும் ஒரே ஆலோசனை மன்றத்தில் உட்கார்ந்து மத உரிமைக்குக் குரல் கொடுக்கிறார்கள். நம் கோயிலுக்கு ஆபத்து என்றால் அவர்களும் கேட்க வேண்டும். அவர்கள் வேதத்துக்கு ஆபத்து என்றால் நாமும் கேட்க வேண்டும். அந்த உறவை மேலும் வளர்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 11-வது பிரிவு, ஒவ்வொருவரும் தன் மதத்தைப் பின்பற்றவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதை மட்டும் மாநிலச் சட்டங்களால் கட்டுப்படுத்தலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. கைப்பிரதி ஒரு வாசலைத் தாண்டி நம் வாசலுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கைப்பிரதி கொடுப்பது நம்மிடையே குற்றம் இல்லை. "வேண்டாம், நன்றி" என்று நாம் சொல்வதும் குற்றம் இல்லை. என் தங்கை மாறியது அவள் உரிமை. நான் மாறாமல் இருப்பது என் உரிமை. இரண்டையும் காப்பது ஒரே வரி.

12-வது பிரிவைப் பெற்றோர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தன் மதம் அல்லாத வேறு மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த விஷயத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது காப்பாளர். இலவச டியூஷன், விடுமுறை முகாம், கிடார் வகுப்பு என்று பிள்ளையை யார் கூப்பிட்டாலும், அங்கே ஜெபம் உண்டா, முடிவெடுக்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். கேட்பது அநாகரிகம் அல்ல. நேர்மையானவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள்.

ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி அம்மையாரை மறக்க முடியுமா? 2009-ல் அவருக்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் பிரிந்த கணவர் இஸ்லாத்துக்கு மாற்றினார். ஒன்பது வருடம் போராடி, 2018 ஜனவரி 29-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார். பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தாய்க்காக நாம் தெருவில் நின்றோம். அப்படியானால் நம் வீட்டுக்குள்ளும் அதே நியாயம் வேண்டும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிள்ளையை இழுக்கக் கூடாது. இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். ஒருவர் கிறிஸ்தவர் ஆனால் மைக்கார்டில் அச்சிட்டிருப்பது எதுவும் மாறாது. அதில் முஸ்லிம்களுக்கு மட்டும்தான் மதம் அச்சிடப்படுகிறது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கு 1976 சட்டம், உயில் இல்லாத சொத்துக்கு 1958 சட்டம். இந்து, கிறிஸ்தவர் இருவருக்கும் அவையேதான். "மதம் மாறினவளுக்குச் சொத்தில் பங்கில்லை" என்று யாராவது மாமா சித்தப்பா மிரட்டினால் நம்பாதீர்கள்.

அவர்கள் எழுதிய விதியை அவர்களிடமே காட்டுவோம்

சட்டத்துக்கு மேலே மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. 2011-ல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் மன்றம், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவான்ஜலிக்கல் கூட்டணி மூன்றும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. மதம் மாறுவது பெரிய முடிவு, அதற்கு யோசிக்கவும் தயாராகவும் போதிய நேரம் வேண்டும், முழு சுதந்திரம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பணம், பரிசு காட்டி இழுப்பது தவறு, மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இதை எழுதியது நம் கோயில் கமிட்டி அல்ல, கிறிஸ்தவ உலகத்தின் பெரிய அமைப்புகள். ஜெபிக்க வருகிறவர்களிடம் சண்டை போடாமல் இதை மட்டும் கேளுங்கள்: "நேரம் கொடுத்தீர்களா?"

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று. மருத்துவமனைக் கட்டில். நோயாளி தெளிவாக இருந்து, "வாங்க, ஜெபம் பண்ணுங்க" என்று சொன்னால் பண்ணட்டும். ஆறுதல் யார் சொன்னாலும் ஆறுதல்தான். ஆனால் ஊசி மருந்தின் மயக்கத்திலும் மூச்சுத் திணறலிலும் இருப்பவரிடம் ஒப்புதல் வாங்குவது கூடாது. "இன்னொரு நாள் அவர் தெளிவா இருக்கும்போது வாங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள்.

இரண்டு. மருந்து. எந்தக் கூட்டத்தில் எந்தச் சாட்சி கேட்டாலும் சர்க்கரை மாத்திரையை, டயாலிசிஸை நிறுத்தாதீர்கள். தம்போயில் உட்கார்ந்து பேசுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே 1937-லிருந்து மனநல மருத்துவமனை இருக்கிறது. ஜொகூரில் "தம்போய்க்கு அனுப்பணும்" என்றாலே கேலிப் பேச்சு. அந்தக் கேலிக்குப் பயந்து, மனநோய் வந்த பிள்ளையைப் பிசாசு பிடித்ததாகச் சொல்லி ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். ஏன், நம் சாமியாடிகளிடம் வேப்பிலை அடிக்குக் கொண்டு போகவில்லையா? இரண்டும் ஒன்றுதான். ஜெபமும் பூசையும் மருத்துவத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அதன் இடத்தில் நிற்க வேண்டாம்.

மூன்று. கடைசி விருப்பம். உங்கள் அப்பா அம்மாவிடம் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். தகனமா, அடக்கமா, யார் கொள்ளி வைப்பது, யார் ஜெபிப்பது? ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப் போட்டதால் வந்த வினைதான் என் கதை.

நான்கு. மாறியவரை விரட்டாதீர்கள். அடித்தால் அவர் திரும்பி வரமாட்டார். அவமானப்படுத்தினால் அந்தக் கூட்டமே அவருக்கு முழுக் குடும்பமாகிவிடும். அதே போல மாறிய தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள், கேட்கிறோம். ஆனால் நம் பாட்டன் பாட்டி எல்லாரும் நரகத்தில் எரிகிறார்கள், குலதெய்வம் பேய் என்று பெற்றவர் முகத்துக்கு எதிரே சொல்லாதீர்கள். பால்மரக் காட்டில் பாம்புக்கும் அட்டைக்கும் நடுவே அந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் நம்மை அவர்கள் வளர்த்தார்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். அதைச் சொல்ல என் தங்கையிடம் போக வேண்டும்.

கருமாதி முடிந்து பல மாதம் கழித்து, மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தாள். "ஏம்மா மாறினே?" என்று கேட்டேன். அவள் வேதம் எதுவும் பேசவில்லை. "அண்ணே, சின்னவன் பிறந்தப்போ அவரு குடிச்சிட்டு வீட்டுக்கே வரலை. நாலாவது மாடி, லிப்ட் கெட்டுப் போச்சு. சபையில உள்ள ஒரு அக்கா நாப்பது நாள் சோறு ஆக்கிக் கொண்டாந்து கொடுத்தாங்க. அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்றாள்.

நான் எங்கே இருந்தேன்? பத்து நிமிடத் தூரத்தில் இருந்தேன். ஓவர்டைம் செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகம் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

தோட்டத்தில் இருந்தபோது லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பத்து வீட்டுக்குத் தெரியும். தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கொடுத்தார்கள். நாம் நகரத்து பிளாட்டுகளுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். அந்தச் சாத்திய கதவைத் தட்டியது யார்? அவர்கள்தான் தட்டினார்கள். பிள்ளையின் தேர்வு என்றைக்கு என்று அவர்களுக்குத் தெரியும். நம் கமிட்டிக்குத் தெரியாது.

ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் தமிழாக்கத்தில் உழைத்தவர். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கிட்டத்தில் இருந்து பார்த்தார். பிறகு கல்லெடுத்து எறியவில்லை. 1847 கடைசி நாளில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த வருடமே பள்ளிக்கூடம் திறந்தார். தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தார்கள், 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அந்த அரசே அதைக் கைவிட்டது. எந்தச் சட்டமும் என் தங்கைக்கு நாற்பது நாள் சோறு ஆக்கிப் போட்டிருக்காது.

ஆகவே ஐந்தாவது: போங்கள். இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், உங்கள் பிளாக்கில் தனியாக இருக்கும் ஒரு கிழவியை, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை, கணவனை இழந்த ஒரு வீட்டைப் பாருங்கள். எந்த மதம் என்று கேட்காமல் பாருங்கள். பதிலுக்கு எதையும் பின்னால் சொல்லச் சொல்லாதீர்கள்.

இன்று அம்மாவின் திதிக்கு என் தங்கை வருகிறாள். படைத்த சோற்றை அவள் சாப்பிடமாட்டாள். அதனால் படையல் போடும் முன்பே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக எடுத்து மூடி வைக்கிறோம். அம்மா படத்துக்கு முன்னால் நாங்கள் விழுந்து கும்பிடும்போது அவள் சமையலறையில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறாள். என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று நான் கேட்பதில்லை. பிறகு எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று எனக்கு இனி தெரியப் போவதில்லை. உங்கள் அம்மாவிடம் நீங்கள் இன்றிரவே கேட்கலாம்.